கச்சான் காற்றில் வாடும் மலைநாட்டுக் கன்று

கேள்வி: நான் உப்புவெளியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. கடந்த தை மாதம் பிள்ளைகளுடன் நுவரெலியாவுக்குப் போய்த் திரும்பும் வழியில், வீதியோரப் பூங்கன்றுக் கடை ஒன்றில், இலையைக் கசக்கினால் தேசிக்காய் மணம் வீசுகின்ற மஞ்சட்பச்சை நிறச் சைப்பிரஸ் கன்றுகள் மூன்றை வாங்கி வந்தேன். இரண்டைக் கேற்றின் இருபுறமும் மதிலோரமாக நிலத்தில் நட்டேன். மூன்றாவது சாடியிலேயே விறாந்தையில் இருக்கிறது. பங்குனி வரை மூன்றும் அழகாக நின்றன. வைகாசியில் கச்சான் தொடங்கிய பின்னர், நிலத்தில் நட்டவற்றுள் ஒன்று அடியிலிருந்து மேல்நோக்கிக் கபில நிறமாகக் காய்ந்துவிட்டது. மற்றதும் ஒளி இழந்து வருகிறது. காலையும் மாலையும் தண்ணீர் விடுகிறேன்; ஒரு பிடி யூரியாவும் போட்டேன்; காய்ந்த கிளைகளை வெட்டியும் பார்த்தேன். கடற்காற்றின் உப்புத்தான் காரணம் என்று அயலவர்கள் சொல்கிறார்கள். சைப்பிரஸ் சவக்காலை மரம், அதை வாசலில் வைக்கலாகாது என்பது மாமியின் கட்சி. இக்கன்றுகளைக் காப்பாற்ற முடியுமா? திருகோணமலையில் வளரக்கூடிய சைப்பிரஸ் வகை ஏதும் உண்டா? வேரால் மதிலுக்கோ கிணற்றுக்கோ கேடு வருமா?

பதில்: ஆசிரியை அம்மா அவர்களுக்கு வணக்கம். எப்போது நட்டீர்கள், எங்கே நட்டீர்கள், என்னென்ன செய்தீர்கள் என்பவற்றை ஒழுங்காக எழுதியிருப்பதனால், மரத்தை நேரில் பாராமலே ஓரளவு துணிவுடன் பதில் எழுத முடிகிறது. கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடியிலிருந்து பாதிக்கு மேல் காய்ந்துவிட்ட கன்று பெரும்பாலும் இறந்துவிட்டது. ஒளி இழந்து நிற்கும் இரண்டாவதை மாரிமழை வரை தாக்குப்பிடிக்க வைக்கலாம். உறுதி சொல்ல முடியாது. சாடியில் உள்ள மூன்றாவதற்கே நம்பிக்கை அதிகம். ஆயினும் மூன்றும் பிழைத்தாற்கூட, நுவரெலியாவில் நீங்கள் கண்ட வானளாவிய மரங்களாக அவை இங்கே ஆகமாட்டா என்பதை மனதிற் கொண்டு மேலே வாசியுங்கள்.

நீங்கள் வாங்கியது லெமன் சைப்பிரஸ் என்ற பெயரில் விற்கப்படும் 'கோல்ட்கிறெஸ்ட்' என்னும் தோட்ட வகை. இதன் மூல இனம் மொன்டெரே சைப்பிரஸ். அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையில், மொன்டெரே என்ற ஊருக்கு அருகே, கடலைப் பார்த்த பாறைகளின் மேல் இரண்டே இரண்டு சிறிய தோப்புகளில் மட்டுமே இம்மரம் இயற்கையாக வளர்கிறது. மனிதர் அதை உலகெங்கும் கொண்டுபோய் நட்டார்கள். நம் மலைநாட்டிலும் ஹக்கலைப் பூங்காவிலும் நுவரெலியா வீதிகளிலும் அது வேரூன்றியது அப்படித்தான். அலை எறியும் பாறையில் பிறந்த மரத்துக்குக் கடற்காற்றின் உப்பு புதிதல்ல. நம் நாட்டில் வளர்க்கப்படும் மரங்களுள் உப்புக்காற்றை இந்த அளவுக்குத் தாங்குபவை அதிகமில்லை. ஆகவே உங்கள் அயலவர்கள் காட்டும் குற்றவாளி உண்மையான குற்றவாளி அல்ல. அந்தக் கலிபோர்னியாக் கடல் குளிர்ந்த நீரோட்டம் ஓடும் கடல். கோடையில் அங்கே மூடுபனி கரையேறி வந்து மரங்களை நனைக்கும். நடுக்கோடையிலும் சால்வை போர்த்தி நிற்க வேண்டிய இடம் அது. நம்முடைய கடல் அப்படிப்பட்டதன்று.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் இருக்கிறது. அங்கே ஆண்டின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். திருகோணமலையில் அது ஏறத்தாழ 28 பாகை. பகல் வெயிலின் கொடுமையை எல்லோரும் காண்கிறோம்; மரத்தை அரிப்பது அதைவிட இரவின் வெப்பம் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. மரம் பகலில் ஒளியைக் கொண்டு மாவுப்பொருளைச் செய்து சேர்க்கிறது. இரவில் சுவாசித்து அதில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. வெப்பநிலை பத்துப் பாகை கூடினால் இந்தச் சுவாசச் செலவு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். நுவரெலியாவின் குளிர்ந்த இரவில் சிக்கனமாக வாழ்ந்த கன்று, 26 பாகைக்குக் கீழே இறங்காத நம் ஆனி மாத இரவில் பகற்சம்பளத்தை விடியுமுன் தின்று தீர்த்துவிடுகிறது. தை, மாசி மாதங்களில் அது அழகாக நின்றதற்குக் காரணம், அது மலையில் சேமித்து வந்த கையிருப்பும், நம் ஊரில் ஆண்டின் குளிர்ந்த நாட்கள் அவையாக இருந்ததுமே.

அதன் பின்னர் கச்சான் வந்தது. (கடலைக் கச்சானைச் சொல்லவில்லை, அதை விற்பவர்களுக்கும் இந்தக் காற்றுக்கும் பகை ஒன்றுமில்லை.) தென்மேற்கிலிருந்து வரும் காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் தன் ஈரத்தையெல்லாம் மழையாகக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது காய்ந்து சூடேறி நம்மை வந்தடைகிறது. அங்கே மேற்குச் சரிவை நனைக்கும் அதே காற்றுத்தான் இங்கே உப்புவெளியில் உங்கள் கன்றை உலர்த்துகிறது. சைப்பிரஸின் இலைகள் செதில் செதிலாகக் கிளையோடு ஒட்டியிருப்பதும் மெழுகு பூசியிருப்பதும் நீரிழப்பைக் குறைக்கத்தான். ஆனால் வேர் இன்னும் பரவாத முதலாண்டுக் கன்றில், வேர் உறிஞ்சிக் கொடுப்பதைக் காட்டிலும் காற்று பறித்துக்கொண்டு போவது அதிகம். போதாக்குறைக்கு மதிலோரத்தில் நட்டிருக்கிறீர்கள். வெள்ளை பூசிய மதில் பிற்பகல் வெயிலைத் திருப்பி அடிக்கும். பகலில் குடித்த சூட்டை இரவெல்லாம் விடும். கன்று இருபுறமும் வாட்டப்பட்டிருக்கிறது.

இந்த இடத்தில் என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். விவசாயப் போதனாசிரியராக நான் தம்பலகாமத்தில் வேலை பார்த்த ஆரம்ப காலத்தில், பயிற்சி ஒன்றுக்காக மலைநாட்டுக்குப் போய், உங்களைப் போலவே மயங்கி, இரண்டு சைப்பிரஸ் கன்றுகளை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து குவார்ட்டர்ஸ் வாசலில் நட்டேன். ஒன்று நிறம் மங்கியதும் தண்ணீர் போதவில்லை என்று முடிவுகட்டி, ஒரு வாளி விட்ட இடத்தில் இரண்டு வாளி விட்டேன். அது மேலும் மங்கியது, மூன்று வாளியாக்கினேன். இரண்டாம் ஆண்டில் அதைப் பிடுங்கியபோது வேர் கரிய நிறத்தில் குழைந்து, விரலால் உருவினால் தோல் கழன்று வந்தது. சேற்று நாற்றம் வீசியது. வயற்காட்டை ஒட்டிய அந்தக் களிமண்ணில் நான் அதைத் தாகத்தால் அன்று, மூச்சுத்திணறலால் கொன்றிருந்தேன். ஊருக்கெல்லாம் பயிர்ப் புத்தி சொல்லும் வேலையில் இருந்தவனுக்கு அது நல்ல பாடம்.

அந்தப் பாடத்தின் சாரம் இதுதான்: சைப்பிரஸ் தன் துன்பத்தைக் காலந்தாழ்த்தியே சொல்லும் மரம். கத்தரியோ மிளகாயோ காலையில் தாகமெடுத்தால் மத்தியானத்தில் இலையைத் தொங்கவிட்டுச் சொல்லிவிடும். சைப்பிரஸுக்குத் தொங்கவிட இலை இல்லை. நத்தார்க் காலத்தில் மலைநாட்டிலிருந்து வெட்டிக் கொண்டுவரப்படும் சைப்பிரஸ் கிளை, வேரே இல்லாமல் வீட்டு மூலையில் கிழமைக்கணக்கில் பச்சையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நிலத்தில் நிற்கும் மரமும் அப்படியே; வேர் இறந்து பல நாள் கழிந்த பின்னரே நிறம் மாறும். ஆகவே இன்று நீங்கள் காணும் கபில நிறம் சித்திரை, வைகாசியில் நடந்ததன் செய்தி. இன்று செய்யும் வைத்தியத்தின் பலனையும் நாளைக்கே எதிர்பார்க்க முடியாது. அவசரப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாக எதையாவது செய்வதுதான் இம்மரத்துக்கு ஆகப் பெரிய கேடு.

முதலில் எது உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். தண்டின் பட்டையைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே ஈரமான பச்சை தெரிந்தால் அந்த இடத்தில் உயிர் உண்டு. உலர்ந்த கபில நிறமானால் இல்லை. பல இடங்களில் சுரண்டாதீர்கள். இரண்டு இடம் போதும். அடுத்து, காய்தல் எவ்வாறு பரவியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். கிளையின் உட்புறத்தில், தண்டை ஒட்டிய பழைய இலைகள் மட்டும் கபிலமாகி உதிர்வது இயல்பு. எல்லாச் சைப்பிரஸும் வெளிச்சம் எட்டாத உள்ளிலையைக் கழிக்கும். வெளி நுனிகள் முதலில் காய்ந்து உள்நோக்கி வந்தால், தண்ணீர்க் குறைவு, வேர்ப்பக்கம் சேர்ந்த உப்பு, அல்லது யூரியாவின் சூடு. மரம் முழுவதும் சாம்பல் பூத்தாற்போல் மங்கிப் பின்னர் மொத்தமாகக் காய்ந்தால் வேரழுகல். மற்றவை பச்சையாக நிற்க ஒரேயொரு கிளை மட்டும் காய்ந்து, அதன் அடியில் பிசின் வடிந்திருந்தால், பட்டையைத் தாக்கும் பங்கசு நோய். அக்கிளையை நல்ல பட்டை வரை வெட்டி எரித்துவிட வேண்டும், கத்தரியையும் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும்.

அடிக்கிளைகளிலிருந்து மேல்நோக்கிக் காய்ந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதனால், சிவப்புச் சிற்றுண்ணியையும் நான் சந்தேகிக்கிறேன். கச்சான் காலத்தின் வறண்ட சூட்டில் இது பெருகும். கண்ணுக்கு எளிதில் புலப்படாது. ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கிளையின் கீழே பிடித்துக்கொண்டு கிளையை இரண்டு தட்டுத் தட்டுங்கள்; விழுந்த தூசியில் மிளகாய்த்தூள் போன்ற புள்ளிகள் நகர்ந்தால் சிற்றுண்ணி. கிளைக்கிடையில் மெல்லிய நூலாம்படையும் இருக்கும். இதற்கு ஆகச் சிறந்த மருந்து தண்ணீர்தான், ஆனால் வேருக்கு அன்று. விடியற்காலையில் குழாயை அழுத்திப் பிடித்து, கிளைகளின் அடிப்புறத்திலும் உட்புறத்திலும் படும்படி பீய்ச்சியடியுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு கிழமைக்கு. வேப்பெண்ணெய்க் கரைசலைப் பலர் சொல்வார்கள். அது கெட்டதல்ல, ஆனால் இந்த வெயிலில் எண்ணெய் பட்ட செதிலிலை கருகும். அடிக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு கிளையில் மட்டும் மாலையில் அடித்து, நாலைந்து நாள் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பங்கசுநாசினி வாங்கிப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். அழுகிய வேரை அது மீட்டுத் தராது.

இனித் தண்ணீர். காலையும் மாலையும் விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். உப்புவெளி மண் மணற்பாங்கானது. மேலாகத் தெளிக்கும் தண்ணீர் இரண்டங்குலத்தை நனைத்துவிட்டு வெயிலில் போய்விடும், ஆழத்தில் உள்ள வேர் தாகத்தோடு இருக்கும். மேல்வேரோ ஈரத்தைத் தேடி மேலேயே படர்ந்து சூட்டில் வேகும். நாளுக்கு இருமுறை சிறிது சிறிதாக விடுவதை நிறுத்தி, மூன்று நாளுக்கு ஒருமுறை, மாலையில், ஒரு பெரிய வாளித் தண்ணீரை, அதாவது பத்துப் பன்னிரண்டு லீற்றரை, கன்றைச் சுற்றிப் பாத்தி கட்டி மெல்ல ஊற்றுங்கள். ஊற்றுமுன் விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். எந்தத் தண்ணீரை விடுகிறீர்கள் என்று எழுதவில்லை. கடலோர வளவுகளின் கிணறுகள் ஆடி, ஆவணியில் சவர் தட்டும் என்பது உங்களுக்குத் தெரியும். உப்புக் குற்றச்சாட்டில் உண்மை இருக்குமானால் அது இங்கேதான் இருக்கிறது: இலையில் படும் உப்பை இந்த மரம் பொறுக்கும், நாள்தோறும் வேரில் சேரும் உப்பைச் சிறு கன்று பொறுக்காது. கிணற்று நீர் நாக்கில் கரித்தால், மழை வரும் வரையாவது கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரை விடுங்கள்.

யூரியா போட்டது நல்லெண்ணத்தில்தான். ஆனால் நோயுற்று வேர் மெலிந்த கன்றுக்கு யூரியா கொடுப்பது, காய்ச்சல்காரருக்குப் பிரியாணி கொடுப்பது போன்றது. பசளை மண்ணீரில் கரையும்போது அந்த நீரின் செறிவு கூடுகிறது. செறிவு கூடிய நீரிலிருந்து வேரால் உறிஞ்ச முடிவதில்லை. மிகக் கூடினால் வேரிலுள்ள நீரே வெளியே வந்துவிடும். எனவே நிலத்தில் இன்னும் உயிரோடு நிற்கும் கன்றுக்கு ஒருநாள் மட்டும் மூன்று வாளித் தண்ணீரை ஒன்றன்பின் ஒன்றாக விட்டு அந்த யூரியாவைக் கீழே கழுவிவிடுங்கள். மணல் மண் என்பதால் நீர் தேங்காது. அதன் பின்னர் புது மழை பெய்து புதுத் துளிர் காணும் வரை எந்தப் பசளையும் வேண்டாம். அப்போதும் நன்றாக உக்கிய மாட்டெருவோ கூட்டெருவோ இரண்டு கை போதும்.

வெட்டுவதையும் நிறுத்துங்கள். பூவரசையோ முருங்கையையோ மொட்டையாக வெட்டினாலும் துளிர்க்கும். அந்தப் பழக்கத்தில் நாம் சைப்பிரஸிலும் கத்தி வைக்கிறோம். சைப்பிரஸின் பச்சையிலை இல்லாத கபிலத் தண்டில் புது மொட்டுப் புறப்படுவதில்லை. அங்கே வெட்டினால் அந்தப் பொந்து நிரந்தரப் பொந்துதான். மரம் நலமாக இருக்கும்போது, வடிவத்துக்காகப் பச்சை நுனிகளை மட்டும் விரலிடை அளவு கிள்ளலாம். முற்றாகக் காய்ந்த கிளையை எடுப்பதில் குற்றமில்லை. ஆனால் அதை இந்தச் சூட்டில் செய்வதைவிட மழைக்கு முன் செய்வது நன்று. இப்போது அந்தக் காய்ந்த கிளைகளே உள்ளே உள்ளவற்றுக்குக் கொஞ்சம் நிழல்.

நிழல் என்றதும், உங்களிடம் நான் கேட்பது ஒரு சிறு வேலை. மதிலுக்கும் கன்றுக்கும் இடையே ஒன்றும், மேற்குப் பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு கிடுகுகளைக் கம்பு நட்டுக் கட்டிவிடுங்கள். தலைக்கு மேல் மூட வேண்டாம். காலை வெயில் அதற்கு வேண்டும். பிற்பகல் வெயிலையும் கச்சானையும் தடுத்தால் போதும். அடியில் பொச்சுமட்டையை உட்புறம் கீழே பார்க்கக் கவிழ்த்து அடுக்கி, மேலே சருகு போடுங்கள். தண்டிலிருந்து ஒரு சாண் தூரம் வெறுமையாக விட வேண்டும். இல்லாவிட்டால் ஈரமும் கறையானும் பட்டையைத் தேடி வரும்.

சாடியில் உள்ள கன்றைப் பற்றி. அது பிழைத்து நிற்பதற்கு விறாந்தையின் நிழலே காரணம். ஆனால் விறாந்தைக்குள் அதற்கு வெளிச்சம் போதாது, ஒரு வருடத்தில் கிளை மெலிந்து மஞ்சள் நிறம் வெளிறும். காலை ஒன்பது, பத்து மணி வரை வெயில் படும் கிழக்குத் திண்ணையோ மாமரத்தின் கிழக்குப் பக்கமோ உகந்தது. கடையில் தந்த கறுப்புப் பிளாஸ்டிக் சாடி வெயிலில் தொட்டால் கை சுடும். உள்ளே வேரும் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. அச்சாடியை, அதைவிட நான்கு விரல் அகலமான மண்சாடிக்குள் இறக்கி, இடைவெளியை மணலால் நிரப்பி, அந்த மணலை ஈரமாக வைத்திருங்கள். நமது மண்பானைத் தண்ணீர் குளிரும் விதத்திலேயே அந்த வேரும் குளிரும். அடித்தட்டில் தண்ணீர் தேங்கவே கூடாது. தட்டை எடுத்துவிட்டு இரண்டு செங்கல்லின் மேல் வைத்துவிடுவதே நல்லது. அடுத்த ஆண்டு சாடி மாற்றும்போது, செம்மண் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, உக்கிய எருவும் கழுவிய தும்புத்தூளும் சேர்ந்து ஒரு பங்கு என்ற கலவை போதும். தும்புத்தூளைக் கழுவாமல் போட்டால் அதுவும் உப்பைக் கொண்டுவரும். இப்படிப் பார்த்தால் அது சில ஆண்டுகள் உங்களோடு இருக்கும். அதைச் சில ஆண்டுகள் தங்கிப்போகும் மலைநாட்டு விருந்தாளியாக எண்ணி வளர்ப்பதே மனதுக்கும் நல்லது.

திருகோணமலைக்கு ஏற்ற சைப்பிரஸ் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். படங்களில் இத்தாலியத் தோட்டங்களில் பென்சில் போல நிற்கும் மத்தியதரைக்கடற் சைப்பிரஸ், வெயிலையும் வறட்சியையும் நன்கு தாங்கும். ஆனால் அதற்குக் கோடை வறட்சியாகவும் மழைக்காலம் குளிராகவும் இருந்து பழக்கம். நமக்கோ ஐப்பசி முதல் மார்கழி வரை சூடும் குறையாமல் மழையும் விடாமல் பெய்யும்; ஆண்டில் பெய்யும் ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றரில் பெரும்பகுதி அந்த மாதங்களில் கொட்டிவிடும். அந்தப் புழுக்கத்தில்தான் அதன் வேர் அழுகும். நீலச்சாம்பல் நிற அரிசோனாச் சைப்பிரஸுக்கும் இதே குறை. மேடான, நீர் நிற்காத கிரவல் நிலம் இருந்தால் ஒன்றை நட்டுப் பார்க்கலாம். சோதனை என்ற எண்ணத்தோடு மட்டும். வேலிக்கென்று வெளிநாட்டில் பெயர்பெற்ற லேலண்ட் சைப்பிரஸை யாராவது பரிந்துரைத்தால் காதில் வாங்காதீர்கள். அது மொன்டெரே சைப்பிரஸ் குளிர்நாட்டு உறவொன்றுடன் கலந்து பிறந்த பிள்ளை. அமெரிக்கச் சதுப்பு நிலங்களில் தண்ணீரிலேயே நிற்கும் மொட்டைச் சைப்பிரஸ் என்ற ஒன்று சூட்டையும் ஈரத்தையும் தாங்கும். ஆனால் அது இலையுதிர்க்கும் பெருமரம், வாய்க்கால் ஓரத்துக்குரியது, உங்கள் கேற்றுக்கு அன்று.

நான் உங்களுக்குச் சொல்வது தூஜாவை. சைப்பிரஸ் குடும்பத்தையே சேர்ந்த இந்தக் கீழைத்தேய மரம், தமிழ்நாட்டின் வெப்பமான சமவெளிகளிலும் நம் உலர்வலய வளவுகளிலும் பல காலமாக நின்று காட்டியிருக்கிறது. இதன் இலைத்தட்டுகள் படுக்கையாக அல்லாமல், புத்தகத் தாள்களை நிமிர்த்தி அடுக்கியது போல நிமிர்ந்து நிற்கும். காய்கள் இளநீலம் பூசிய பச்சையில் சிறு கொம்புகளோடு இருக்கும். இவ்விரண்டையும் பார்த்தால் கடையில் ஏமாற மாட்டீர்கள். இதில் பொன்னிறத் துளிர் விடும் வகையும் உண்டு. நீங்கள் ஆசைப்பட்ட மஞ்சட்பச்சை அதிலே கிடைக்கும், தேசிக்காய் மணந்தான் கிடைக்காது. மெதுவாகவே வளரும். ஆண்டுக்கு ஒருமுறை, மாரி தொடங்குமுன், கிளைகளை விலக்கி உள்ளே தங்கியுள்ள காய்ந்த இலைகளை உதறி எடுத்துவிட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் மழையில் அந்தச் சருகு ஊறிப் பங்கசு பிடிக்கும். மாலை வெயில் நேரே படாத இடமானால் இன்னும் நன்று. சீன ஜூனிப்பரும் ஏறக்குறைய இதே தாக்குப்பிடிப்புள்ளது; ஆனால் அதன் இளம் இலை குத்தும், பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வாசலுக்கு வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது சைப்பிரஸ் என்ற பெயரா, அல்லது கேற்றின் இருபுறமும் நெடிதுயர்ந்த இரண்டு பச்சைத் தூண்களா என்று ஒருமுறை யோசியுங்கள். தூண்கள்தான் என்றால் நெட்டிலிங்கத்தை மிஞ்ச எதுவும் இல்லை. பலர் இதை அசோகமரம் என்பார்கள். உண்மையான அசோகு செம்மஞ்சள் பூக்கும் வேறு மரம். நெட்டிலிங்கம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான மரம். கச்சானும் வாடையும் அதற்குப் பழக்கம். பழுக்கும் காலத்தில் வௌவால் வந்து கொட்டையைப் போடும், முற்றம் கூட்டுகிறவர் முணுமுணுப்பார், அவ்வளவுதான். சவுக்கு கடற்கரைக்கு அருமையான மரம். ஆனால் வாசலுக்கு அது மிகப் பெரிது. நத்தார் மரம் என்று விற்கப்படும் நோர்போக் பைன் உப்பையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும். கூரையைத் தாண்டி வளர்ந்துகொண்டே போகும் என்பதை விற்பவர் சொல்வதில்லை.

எதை நட்டாலும் ஐப்பசியின் முதல் நல்ல மழைக்குப் பின் நடுங்கள்; அப்போது நட்டால் அடுத்த கச்சானுக்குள் ஆறேழு மாதம் வேர் ஓடியிருக்கும். மதிலிலிருந்து ஐந்தடியாவது தள்ளி இரண்டடி ஆழ, இரண்டடி அகலக் குழி போதும். கன்றைப் பையிலிருந்து எடுத்ததும் வேரைப் பாருங்கள். பைக்குள் வேர் வளையமாகச் சுற்றியிருந்தால், விரலால் பிரித்துவிட்டோ, மூன்று நான்கு இடங்களில் மேலிருந்து கீழாகக் கத்தியால் கீறிவிட்டோ நட வேண்டும். சுற்றிய வேர் நிலத்திலும் சுற்றியபடியே இருக்கும். மரம் பத்தடி உயர்ந்த பின் ஒரு காற்றுக்கு வேரோடு சாயும். 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் நமக்கு வடக்கே கரையேறியபோது, நான் பார்த்த இரண்டு வீடுகளில் சாய்ந்து கிடந்த அலங்கார மரங்களின் அடியில், அவை வாங்கப்பட்ட பையின் வடிவிலேயே வேர் உருண்டு கிடந்தது. நட்டபின் முதல் இரு ஆண்டுகளுக்குப் பக்கத்தில் கம்பு நட்டு, கயிற்றை எட்டுப் போலச் சுற்றித் தளர்வாகக் கட்டுங்கள்.

மதிலையும் கிணற்றையும் பற்றிக் கவலை வேண்டாம். இந்த அளவுச் சைப்பிரஸும் தூஜாவும் மெல்லிய மேல்வேர் கொண்டவை. ஆலும் அரசும் போல அத்திவாரத்தைப் பிளப்பவை அல்ல. ஐந்தடி இடைவெளி போதுமானது. நெட்டிலிங்கத்துக்கு எட்டடி விடுங்கள். மலகூடக் குழிக்குப் பக்கத்தில் மட்டும் எதையும் நட வேண்டாம்.

மாமி சொல்வதையும் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகளில் சைப்பிரஸ் பழங்காலந்தொட்டுக் கல்லறைகளோடு சேர்ந்த மரம் என்பது உண்மை. ஆனால் ஈரானில் அதே மரம் அழகுக்கும் நிமிர்ந்த தோற்றத்துக்கும் உவமை. அங்கே அபர்கூ என்னும் ஊரில் நிற்கும் சைப்பிரஸின் வயதை 4,000 ஆண்டுகள் என்று மதிப்பிடுகிறார்கள். நான் உங்களுக்குச் சொன்ன தூஜாவோ, சீனத்துப் பழைய கோயில் முற்றங்களில் நூற்றாண்டுக்கணக்காக நிற்கும் மரம்; பீஜிங்கின் வான் கோயில் வளாகத்தில் அதைக் கூட்டங்கூட்டமாகக் காணலாம். கோயில் முற்றத்து மரம் என்று சொல்லித் தூஜாவை மாமியிடம் கொண்டுபோய்ப் பாருங்கள்; முதற்கன்றை அவர் கையாலேயே நடச் சொன்னால் இன்னும் நல்லது.

கடைசியாக ஒரு வேலை. இறந்துபோன கன்றை வெறுமனே இழுத்து எறியாமல், அலவாங்கால் சுற்றிலும் நெகிழ்த்தி, வேரோடு முழுதாக எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேர் உலர்ந்து கபிலமாக, உடைத்தால் முறிவதாக இருந்தால் அது வறட்சியாலும் யூரியாவாலும் போனது. அதே பக்கத்தில், மதிலிலிருந்து ஐந்தடி தள்ளி, ஐப்பசியில் தூஜாவை நடலாம். கரிய நிறமாகி, தோல் உரிந்து, நாற்றம் வீசினால் அழுகல். அந்த இடத்தில் மீண்டும் ஊசியிலைக் குடும்ப மரம் எதையும் நடாதீர்கள், மண்வெட்டியையும் கழுவிவிட்டே அடுத்த கன்றுக்குப் போங்கள். எது என்று பார்த்து எழுதியனுப்பினால், அந்த மூலைக்கு என்ன வைக்கலாம் என்பதை மழைக்கு முன் சொல்லிவிடுகிறேன்.